ஜெட் ஸ்கீ எஞ்சின் ஒயில்: 50 மணித்தியாலமா 100 மணித்தியாலமா, ஆய்வுகூட அறிக்கையை எவ்வளவு நம்பலாம்?

பாசிக்குடாவில் வாடகைக்கு விடும் உங்கள் யமஹா வி.எக்ஸ். ஜெட் ஸ்கீயின் ஒயிலைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்திருக்கிறீர்கள். எல்லா வரிகளுக்கும் எதிரே "சாதாரணம்" என்று போட்ட அறிக்கை வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர்; அறிக்கை நன்றாக இருப்பதால் 200 வரை ஓடலாம் என்கிறார் இன்னொருவர்; இவர்களில் யார் சொல்வது சரி என்பது முதலாவது. அடுத்ததாக வாங்க நினைக்கும், சீ-டூ என்ற இன்னொரு நிறுவனத்தின் பழைய ஜெட் ஸ்கீ ஒன்றையும் இதேபோல் ஒயிலைச் சோதித்துப் பார்த்து வாங்கலாமா என்பது இரண்டாவது.

முதலாவதற்கு நேரடியான பதில், நமது கடற்கரையில் வாடகைக்கு ஓடும் இயந்திரத்துக்கு 50 தான் சரி. 200 என்பது எந்த அறிக்கையை வைத்தும் எடுக்கக்கூடாத முடிவு. அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய அறிக்கையில் உள்ள எண்களை நான் வாசித்த அளவில், அந்த ஒயில் சாதாரணமாக இல்லை. அதில் கடல்நீர் போயிருக்கிறது. பெற்றோலும் போயிருக்கும் போலத் தெரிகிறது. "சாதாரணம்" என்ற சொல் எப்படி வந்தது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

யமஹா கையேடு முதல் ஒயில் மாற்றத்தை 10 மணித்தியாலத்திலும், பின்னர் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டில் எது முன்னே வருகிறதோ அப்போதும் செய்யச் சொல்கிறது. சீ-டூவின் ரோட்டாக்ஸ் எஞ்சின்களுக்கும் வழக்கமான இடைவெளி 100 மணித்தியாலம் அல்லது ஓராண்டுதான். இந்த எண்கள் பிழையானவை அல்ல. ஆனால் வார இறுதியில் ஏரியில் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஓட்டிவிட்டு, நன்னீரால் கழுவி, கொட்டகையில் நிறுத்தும் சொந்தக்காரர் ஒருவரின் பாவனைக்கு அவை பொருந்துமே தவிர, பத்துப் பதினைந்து நிமிட ஓட்டங்களாக நாள் முழுவதும் ஆள் மாறி ஆள் ஏறும் வாடகை வேலைக்குப் பொருந்தா. ஒருவர் இறங்கி அடுத்தவர் உயிர்காப்பு அங்கி போடும்வரை எஞ்சின் சும்மா நிற்கிறது, அல்லது அணைத்துத் திரும்ப இயக்கப்படுகிறது. புதியவர் என்பதால் வேகத்தைக் கட்டுப்படுத்தியும் வைத்திருப்பீர்கள். இவை அனைத்தும் ஒயிலைச் சூடேற விடாத காரியங்கள்.

ஒயில் சூடேறுவது ஏன் தேவை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே வந்து ஒயிலில் கலக்கிறது. எரியாத பெற்றோலும் அதே வழியால் கொஞ்சம் இறங்குகிறது. ஒயில் 100 பாகை செல்சியஸை நெருங்கி அங்கே சிறிது நேரம் நின்றால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். கார் எஞ்சினில் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் தேர்மோஸ்டற் இருக்கிறது, மூடிய சுற்றில் கூலன்ற் என்ற குளிரூட்டும் திரவம் ஓடுகிறது. ஆகவே அது வேகமாகச் சூடாகிச் சூடாகவே நிற்கிறது. யமஹா, கவசாக்கி ஜெட் ஸ்கீகளில் அப்படியல்ல. ஜெட் பம்பியிலிருந்து வரும் கடல்நீரே எஞ்சினுக்குள் ஓடி அதைக் குளிராக்கி வெளியேறுகிறது. எஞ்சின் எவ்வளவு வேலை செய்தாலும் அதன் சுவரின் மறுபுறத்தில் 28, 29 பாகையில் புதிய நீர் வந்துகொண்டே இருக்கும். குறுகிய ஓட்டத்தில் ஒயில் இளஞ்சூட்டைத் தாண்டுவதே அரிது. எனவே மணித்தியால மீற்றர் 50 காட்டும்போது அந்த ஒயில் அனுபவித்திருப்பது, நீண்ட ஓட்டம் ஓடும் இயந்திரம் ஒன்றின் 50 மணித்தியாலத்தைவிட மோசமான ஒரு வாழ்க்கை.

மணித்தியாலத்தைவிட நான் பெரிதாக எண்ணுவது மாரிக்கு முன்னான மாற்றத்தை. கிழக்கில் நமது பருவம் ஏறத்தாழ சித்திரையிலிருந்து புரட்டாதி வரை; வாடைக்காற்றும் மழையும் தொடங்கியதும் இயந்திரங்கள் கரையேற்றப்பட்டு அடுத்த ஆண்டு வரை நிற்கின்றன. பலர் பங்குனியில் இயந்திரத்தை வெளியே எடுக்கும்போதுதான் புது ஒயில் ஊற்றுகிறார்கள். அது தலைகீழான வழக்கம். பருவம் முழுவதும் ஓடிய ஒயிலில் அமிலமும் ஈரமும் உப்பும் இருக்கின்றன, அவை ஆறு மாதம் பெயரிங்குகளிலும் கேம் தண்டிலும் அசையாமல் ஒட்டி நிற்கின்றன, மட்டக்களப்பின் மார்கழி ஈரத்தில் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. கரையேற்றும் கிழமையிலேயே ஒயிலையும் பில்டரையும் மாற்றி, புது ஒயிலோடு நன்றாகச் சூடேறும்வரை கடலில் ஒருமுறை ஓட்டி, பிறகு நிறுத்துங்கள். அதற்கு முந்திய மாற்றம் நடந்து 15 மணித்தியாலம்தான் ஆகியிருந்தாலும் மாற்றுங்கள். பங்குனியில் அளவை மட்டும் பார்த்தால் போதும்.

மாற்றும் முறையில் கார் மெக்கானிக்குகள் தவறவிடும் இடம் ஒன்றிருக்கிறது. ஜெட் ஸ்கீயில் எஞ்சின் படகின் வயிற்றுக்குள் மூடியிருப்பதால் கீழே நட்டைக் கழற்றி ஒயிலை வடிக்க முடியாது; டிப்ஸ்டிக் (ஒயில் மட்டம் பார்க்கும் கோல்) இருக்கும் குழாய் வழியாக ஒயில் உறிஞ்சும் பம்பியால் எடுக்க வேண்டும். இந்த எஞ்சின்கள் பெரும்பாலும் ஒயிலைத் தனித் தாங்கியில் வைத்திருக்கும் அமைப்புடையவை என்பதால், உறிஞ்சிய பின்னும் ஒயில் பாதைகளிலும் கூலரிலும் கிராங் அறையிலும் ஒரு பகுதி தங்கிவிடும். 1503 சீசீ ரோட்டாக்ஸ் எஞ்சினின் மொத்த ஒயில் 4.5 லீற்றர், வழக்கமான மாற்றத்தில் வெளியே வருவது ஏறத்தாழ 3 லீற்றர். அதாவது மூன்றில் ஒரு பங்கு பழைய ஒயில் உள்ளேயே நிற்கிறது. உங்கள் யமஹாவுக்கு இந்த விகிதத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்: கையேட்டில் உள்ள மொத்த அளவை எழுதிக்கொண்டு, உறிஞ்சியெடுத்த ஒயிலை அளவுப் பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது எடுப்பதும், குழாயைச் சிறிது மேலும் கீழும் நகர்த்தி மீண்டும் உறிஞ்சுவதும் வெளியே வரும் அளவைக் கூட்டும். ரோட்டாக்ஸில் திரொட்டிலை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுற்றினால் எஞ்சின் பற்றாமல் ஒயிலை மட்டும் தாங்கிக்குத் தள்ளும். அதன் பின் இன்னொருமுறை உறிஞ்சலாம்.

இந்த மிச்ச ஒயிலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், அறிக்கையை வாசிப்பதும் தண்ணீர் போன எஞ்சினைக் காப்பாற்றுவதும் இந்த ஒரு கணக்கில்தான் தங்கியிருக்கின்றன. முந்தைய ஒயிலில் இரும்பு 30 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 30 பங்கு) இருந்தால், மூன்றில் ஒரு பங்கு தங்கும் எஞ்சினில் புது ஒயில் முதல் நிமிடத்திலேயே 10 பி.பி.எம். இரும்போடு தொடங்குகிறது. அதைக் கழிக்காமல் தேய்மானத்தைக் கணக்கிடுபவர் எஞ்சினை வீணாகக் குற்றம் சொல்வார்.

இனி உங்கள் அறிக்கை. 62 மணித்தியாலம் ஓடிய 10டபிள்யூ-40 ஒயில். இரும்பு 41, அலுமினியம் 9, செம்பு 12, ஈயம் 3, சிலிக்கன் 18, சோடியம் 96, பொட்டாசியம் 2, மக்னீசியம் 22, நீர் 0.1 சதவீதத்துக்குக் கீழ், 100 பாகையில் பிசுபிசுப்பு 10.4. உலோக எண்கள் எல்லாம் பி.பி.எம். அளவில்.

பிசுபிசுப்பிலிருந்து தொடங்குகிறேன். 40 தர ஒயில் ஒன்று 100 பாகையில் 12.5 இலிருந்து 16.3 வரையான எல்லைக்குள் இருக்க வேண்டும், 9.3 இலிருந்து 12.5 வரை 30 தரத்துக்குரியது. உங்கள் ஒயில் 40 ஆக உள்ளே போய் 30 ஆக வெளியே வந்திருக்கிறது. இப்படி ஒல்லியாவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: ஒயிலில் சேர்த்திருக்கும் தடிப்பாக்கிப் பொருட்கள் அரைபட்டுப் போயிருக்கலாம், அல்லது பெற்றோல் கலந்திருக்கலாம். உங்கள் வாடகை ஓட்டத்தின் தன்மையை வைத்துப் பார்த்தால் நான் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெற்றோல் மணக்கிறதா, ஒயில் மட்டம் குறையாமல் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த மாதிரியை அனுப்பும்போது பெற்றோல் கலப்பைத் தனியாக அளந்து தரும்படி கேளுங்கள். அடிப்படைத் தொகுப்பில் அது எப்போதும் சேர்ந்திருப்பதில்லை. ஆய்வுகூடம் இதைக் கவனிக்காததற்குக் காரணம் அறிக்கையின் மேலேயே இருக்கிறது: ஒயிலின் தரம் என்ற இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. 10.4 என்பது 30 தர ஒயிலுக்கு மிகச் சரியான எண். என்ன ஒயில் என்று தெரியாதவர் அதைப் பிழை என்று சொல்ல வழியில்லை.

சோடியம் 96 தான் என்னை நிறுத்திய எண். நீர் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதே, பிறகு எங்கே கடல்நீர் என்று நீங்கள் கேட்கலாம். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 10.8 கிராம் சோடியம் இருக்கிறது. ஒரு கிலோ ஒயிலில் 96 மில்லிகிராம் சோடியம் என்றால், அந்தக் கிலோவுக்குள் குறைந்தது 9 கிராம் அளவு கடல்நீர் வந்து போயிருக்க வேண்டும். மூன்று நான்கு கிலோ ஒயிலுக்கும் சேர்த்தால் இரண்டு மேசைக்கரண்டி வரும். "குறைந்தது" என்று சொல்வதற்குக் காரணம், உப்பு ஒயிலில் கரைவதில்லை, துகள்களாகப் படிந்துவிடும். போத்தலுக்குள் வந்தது மட்டும்தான் எண்ணில் வருகிறது.

சோடியம் கடலிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சாட்சி மக்னீசியம். கடல்நீரில் சோடியத்துக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மக்னீசியம் இருக்கிறது. உங்கள் ஒயிலில் 96 சோடியத்தோடு 12 அளவு மக்னீசியம் கூடியிருக்க வேண்டும். 22 என்பது அதற்குப் பொருந்தும், ஆனால் புது ஒயிலிலேயே 10 பி.பி.எம். மக்னீசியம் இருந்திருந்தால் மட்டும். சில ஒயில்களில் கழுவுபொருளாக மக்னீசியச் சேர்மங்களையே பெருமளவில் போடுகிறார்கள். அப்படியான ஒயிலில் இந்தக் கணக்கு மூழ்கிப் போகும். ஆகவே அதே பெட்டியிலிருந்து திறக்காத போத்தலின் ஒயிலில் கொஞ்சத்தையும் ஒருமுறை சோதனைக்கு அனுப்புங்கள். அது வீண்செலவு என்று பலர் நினைக்கிறார்கள்; என் அனுபவத்தில் மிகவும் பயன்தரும் செலவு அதுதான், ஏனென்றால் பின்னர் வரும் ஒவ்வோர் அறிக்கையும் அதோடுதான் ஒப்பிடப்படும். உங்கள் அறிக்கையில் பொட்டாசியம் 2 தான் இருப்பதும் நமது ஊகத்துக்குச் சார்பானது. யமஹாவில் எஞ்சினுக்குள் கூலன்ற் ஓடுவதில்லை என்பதால் அதன் கசிவிலிருந்து சோடியம் வந்திருக்கவும் வழியில்லை.

மற்ற எண்களில் நான் நிற்கமாட்டேன். இரும்பு 41, 62 மணித்தியாலத்துக்கு, முந்தைய மிச்சத்தைக் கழிக்காத நிலையில், பயப்பட வேண்டியதல்ல. ஆனால் உப்பு போன எஞ்சினில் இரும்பின் ஒரு பகுதி தேய்மானமாக இல்லாமல் துருவாகவும் இருக்கலாம். செம்பு பெயரிங்கிலிருந்தும் வரும், ஒயில் கூலரிலிருந்தும் வரும். ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்து ஏறினால் பெயரிங்கைச் சந்தேகியுங்கள், செம்பு தனியாக ஏறினால் கூலரைப் பாருங்கள். சிலிக்கன் என்றதும் கச்சான் காற்றில் பறக்கும் மணல் நினைவுக்கு வரும்; அலுமினியமும் இரும்பும் அதோடு சேர்ந்து ஏறாவிட்டால் அது அண்மையில் எஞ்சினைத் திறந்து மூடியவர் பூசிய சிலிக்கன் பசையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

"சாதாரணம்" என்ற முத்திரை எப்படி விழுந்தது என்பது இப்போது விளங்கும். ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் மின்பிறப்பாக்கி, லொறி, கப்பல் எஞ்சின் போன்றவற்றுக்கான பொது எல்லைகளை வைத்தே இப்படி முத்திரை போடுகின்றன. ஜெட் ஸ்கீ எஞ்சினுக்கென்று அவர்களிடம் பெரிய தரவு இருக்காது. ஒரு எஞ்சினின் அறிக்கையை அந்த எஞ்சினின் முந்தைய அறிக்கையோடு ஒப்பிடுவதுதான் இந்தச் சோதனையின் உண்மையான பயன். ஒற்றை அறிக்கையின் முத்திரைகளை நம்பி இடைவெளியை நீட்டுவது லொறிக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். முப்பது நாற்பது லீற்றர் ஒயில் பிடிக்கும் எஞ்சினில் ஒரு மாற்றத்தைத் தவிர்த்தால் சோதனைச் செலவு திரும்பி வரும். மூன்று நான்கு லீற்றர் பிடிக்கும் எஞ்சினில் சோதனையும் தபாலும் ஆகும் செலவுக்குப் புது ஒயிலையே ஊற்றிவிடலாம். ஆகவே ஒயில் இன்னும் ஓடுமா என்பதை அறிய இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறியச் செய்யுங்கள். பருவத்தின் நடுவில் ஒன்று, கரையேற்றும்போது ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு மாதிரி போதும். தண்ணீர் போன சம்பவத்துக்குப் பிறகானது தனிக்கணக்கு.

மாதிரி எடுப்பதில் கவனம் இல்லாவிட்டால் மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் மணலில் எழுதியவை ஆகிவிடும். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். அணைத்துச் சில நிமிடங்களுக்குள் எடுக்க வேண்டும். உறிஞ்சும் குழாய் புதியதாக இருக்க வேண்டும், அதன் நுனி தாங்கியின் அடியைத் தொடாமல் நடு ஆழத்தில் நிற்கும்படி டிப்ஸ்டிக்கோடு வைத்து அளந்து அடையாளமிட வேண்டும். அடியில் உறிஞ்சினால் பல மாதத்து வண்டலையும் சேர்த்து அனுப்புவீர்கள். முதலில் வரும் ஒரு தேநீர்க் கோப்பை அளவை வேறு பாத்திரத்தில் விட்டுவிட்டு, அதன் பின் வருவதை ஆய்வுகூடம் தந்த போத்தலில் முக்கால் அளவுக்குப் பிடியுங்கள். குளிர்பானப் போத்தலைக் கழுவிக் காயவைத்து அனுப்பியவர்களின் அறிக்கைகளையும் நான் பார்த்திருக்கிறேன். கடற்கரையில் கழுவிய போத்தலில் சோடியம் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். எஞ்சினின் மொத்த மணித்தியாலம், ஒயில் ஓடிய மணித்தியாலம், ஒயிலின் பெயரும் தரமும், இடையில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை எல்லாம் படிவத்தில் எழுதுங்கள். இடையில் ஒரு லீற்றர் ஊற்றியிருந்தால் எண்கள் எல்லாம் அந்த அளவுக்கு நீர்த்துப் போயிருக்கும்.

ஆய்வுகூடம் பார்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. உலோகங்களை அளக்கும் கருவி ஐந்திலிருந்து எட்டு மைக்ரோன் வரையான துகள்களைத்தான் சரியாக எண்ணும். அதைவிடப் பெரியவை அதன் கண்ணில் படுவதில்லை. ஒரு பெயரிங் உண்மையாகவே உடையத் தொடங்கும்போது வருவதோ பெரிய செதில்கள். அவை நிற்கும் இடம் பில்டர். ஒவ்வொரு மாற்றத்திலும் பில்டரையும் மாற்றி, பழையதை வெட்டிப் பாருங்கள். யமஹாவின் பில்டர் தகரக் குவளையாக இருப்பதால் அதைக் குழாய் வெட்டும் கருவியால் சுற்றி வெட்டுங்கள். இரும்பு வாளால் அறுத்தால் வாளின் தூளே உள்ளே விழுந்து, நீங்கள் தேடுவதைப் போலவே மினுங்கும். மடிப்புத் தாளை வெட்டியெடுத்து, பிழிந்து, வெள்ளைத் துணியில் விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாக மினுங்குவது அலுமினியமாகவோ பெயரிங் மேற்பூச்சாகவோ இருக்கலாம். பித்தளை நிறத்தில் செதில் கண்டால் இயந்திரத்தை அன்றே நிறுத்துங்கள். மாவு போன்ற மிக நுண்ணிய சாம்பல் பூச்சு எல்லா எஞ்சினிலும் இருக்கும்.

கடல்நீர் எப்படிப் போனது என்பதற்கு வருகிறேன். யமஹாவில் வழிகள் சில. கவிழ்ந்ததைப் பிழையான பக்கமாகப் புரட்டி நிமிர்த்துவது முதலாவது; பின்புறத்தில் ஒட்டியிருக்கும் அம்புக்குறி காட்டும் திசையில்தான் புரட்ட வேண்டும் என்பதைக் கரையில் நிற்கும் உங்கள் பையன்கள் எல்லோரும் அறிந்திருக்கிறார்களா என்று பாருங்கள், ஏனெனில் மறுபக்கமாகப் புரட்டினால் புகைபோக்கிப் பெட்டியில் நிற்கும் நீர் எஞ்சினுக்குள் ஓடிவிடும். இரண்டாவது, மாலையில் கழுவும் முறை. முதலில் எஞ்சினை இயக்கி, பிறகு தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடி, பிறகு எஞ்சினை அணைக்க வேண்டும். எஞ்சின் ஓடாத நேரத்தில் குழாய் திறந்திருந்தால் புகைவழி நிரம்பி நீர் சிலிண்டருக்குள் ஏறும். அது கிணற்று நீராக இருந்தால் சோடியம் இவ்வளவு காட்டாது என்பதால், உங்கள் விடயத்தில் கழுவுதலைவிடக் கவிழ்தலையே நான் முதலில் நினைக்கிறேன். மூன்றாவதுதான் செலவான வழி: ஹெட் காஸ்கற் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) அல்லது ஒயில் கூலர் கசிவது. பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லாமல் இருப்பது குளிப்பவர்களுக்கு நல்லது, ஜெட் பம்பிக்கு நல்லதல்ல. படகின் அடியிலிருந்து குறைந்தது 60 சென்டிமீற்றர் நீர் வேண்டும் என்று யமஹாவும் 90 வேண்டும் என்று சீ-டூவும் சொல்கின்றன. அதற்குக் குறைந்த நீரில் திரொட்டில் கொடுத்தால் மணல் உறிஞ்சப்பட்டு, குளிரூட்டும் பாதைகளில் படிந்து, எஞ்சினின் ஒரு மூலை மட்டும் கொதிக்கத் தொடங்கும். காஸ்கற் போவதற்கு அது போதும்.

தண்ணீர் குடித்த எஞ்சின் கைக்கு வந்தால் நேரம்தான் முக்கியம். ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்க்கவே கூடாது, சிலிண்டரில் நீர் நின்றால் கொனெக்டிங் றொட் வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, தீப்பொறி வயர்களை எஞ்சின் உடலோடு இணைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு சுற்றி நீரைத் துப்பவிட்டு, சிலிண்டர்களுக்குள் ஒயில் ஸ்ப்ரே அடியுங்கள். பால் கலந்த தேநீர் நிறமாகியிருக்கும் ஒயிலை உறிஞ்சி, அதே தரத்தில் மலிவான ஒயில் ஊற்றி, சில நிமிடம் ஓட்டி, மறுபடி உறிஞ்சுங்கள். ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பங்கு தங்குமானால், முதல் மாற்றத்தில் உப்பில் மூன்றில் ஒன்று, இரண்டாவதில் ஒன்பதில் ஒன்று, மூன்றாவதில் 27 இல் ஒன்றுதான் மிஞ்சும். ஒருமுறை மாற்றிவிட்டு நிறம் தெளிந்தது என்று நிறுத்துபவர்களின் எஞ்சின்களில்தான் அடுத்த பருவத்தில் பெயரிங் பாடுகிறது. மூன்று மாற்றம் என் கணக்கில் குறைந்தபட்சம். கடைசியாக நல்ல ஒயிலும் புதுப் பில்டரும் போட்டு, கடலில் விட்டு நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். கரையில் ட்ரெய்லரில் வைத்து நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம். சீ-டூவில் தண்டைச் சுற்றியுள்ள காபன் சீலுக்குக் கரையில் குளிர்ச்சி கிடைக்காது என்பதால் இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடாது.

ஒயில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்.சி-டபிள்யூ என்ற அடையாளம் உள்ள நான்கு ஸ்ட்ரோக் கடல் எஞ்சின் ஒயிலை வாங்குங்கள். அந்த நியமத்தில் உப்பு ஈரத்தில் துரு பிடிக்காமல் காக்கும் சோதனையும் அடங்கியிருக்கிறது. மீன்பிடிப் படகுகளுக்கு ஊற்றும் டீசல் 15டபிள்யூ-40 ஒயில் அவசரத்துக்கு எஞ்சினைக் கொல்லாது, ஆனால் ஆறு மாதம் நிற்கும் எஞ்சினுக்கு அது போதாது. அவுட்போட் எஞ்சின் பெற்றோலில் கலக்கும் டீ.சி-டபிள்யூ 3 ஒயிலைப் பெயர் ஒத்திருப்பதை நம்பி இதில் ஊற்றிவிடாதீர்கள்.

பழைய சீ-டூவைப் பொறுத்தவரை, ஒயில் சோதனை பார்த்து வாங்கலாமா என்றால், பார்க்கலாம், ஆனால் அதை நம்பி வாங்க முடியாது. விற்பவர் நேற்று ஒயிலை மாற்றியிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வரலாறு அழிந்துவிட்டது. ரோட்டாக்ஸ் எஞ்சினுக்குள் மூடிய சுற்றில் கூலன்ற் ஓடுகிறது என்பதால், அங்கே சோடியமோ பொட்டாசியமோ மக்னீசியம் இல்லாமல் ஏறியிருந்தால் கூலன்ற் கசிவு என்று எடுங்கள். மக்னீசியமும் சேர்ந்து ஏறியிருந்தால் கடல்நீர். சுப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) உள்ள இயந்திரங்களில், அந்தக் காற்றைக் குளிராக்கும், கடல்நீரால் குளிராகும் இன்டர்கூலர் ஓட்டையாகிக் காற்றுவழியாகவே உப்புநீர் சிலிண்டருக்கு வருவது உண்டு. 2003 இலிருந்து 2008 வரையான சுப்பர்சார்ஜர் மாதிரிகளில் இருந்த செராமிக் வாஷர்கள் உடைந்து எஞ்சின் ஒயிலோடு சுற்றி வரும் குறை பரவலாக அறியப்பட்டது. அந்தத் துண்டுகள் ஆய்வுகூட எண்ணில் வரமாட்டா. அப்படியான வயதுடையதென்றால் வாஷர்கள் உலோகத்துக்கு மாற்றப்பட்டதற்குச் சான்று கேளுங்கள், பில்டரைக் கண்முன்னே கழற்றச் சொல்லுங்கள். அதில் பில்டர் தாள் உறையாக இருப்பதால் வெட்டாமலே விரித்துப் பார்க்கலாம். சுப்பர்சார்ஜரின் கிளச்சும் அதே ஒயிலில்தான் இயங்குகிறது. வழுக்கலைக் கூட்டும் பொருட்கள் சேர்த்த கார் ஒயிலை ஊற்றியிருந்தால் அது நழுவத் தொடங்கியிருக்கும், ஆகவே என்ன ஒயில் பாவித்தார் என்பதையும் விசாரியுங்கள். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கொம்பிரஷன் சோதனையைத் தவிர்க்கவே வேண்டாம்.

மூன்று மாற்றம் செய்தால் பத்து லீற்றருக்குக் கிட்டப் பழைய ஒயில் சேரும். அதை வாவிக் கரையிலோ மணலிலோ ஊற்றுவதை யாரும் ஏற்கமாட்டார்கள். மூடியுள்ள கலனில் சேர்த்து, சுற்றாடல் அனுமதியோடு கழிவு ஒயில் எடுப்பவரிடம் கொடுங்கள். உப்புநீர் கலந்ததை நல்ல கழிவு ஒயிலோடு சேர்க்காமல் தனிக் கலனில் வையுங்கள்.

உங்கள் யமஹாவுக்கு இப்போது செய்ய வேண்டியது இதுதான். ஒயிலில் இப்போது நீர் நிற்கவில்லை, உப்புதான் நிற்கிறது என்பதால் மூன்று மாற்றம் தேவையில்லை; இந்தக் கிழமையே ஒயிலை இரண்டு தடவை மாற்றி, பில்டரையும் மாற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கு தங்கும் என்று வைத்தால் 96 ஆக இருந்த சோடியம் 32 ஆகி, பிறகு 11 அளவுக்கு இறங்கும். பத்து மணித்தியாலம் ஓட்டியபின் மாதிரி எடுத்து, புது ஒயிலின் மாதிரியோடு சேர்த்து அனுப்புங்கள்; படிவத்தில் தரத்தை எழுத மறக்க வேண்டாம். சோடியம் 10, 15 என்று வந்தால் அது ஒருநாள் கவிழ்ந்ததன் மிச்சம், 50 மணித்தியால ஒழுங்கில் தொடர்ந்து ஓட்டலாம். 20, 25 என்று வந்தால் படிந்திருந்த உப்பு கிளம்பி ஒயிலில் கலப்பதாகவும் இருக்கலாம் என்பதால் இன்னொரு மாற்றம் செய்து மீண்டும் பாருங்கள். 40 ஐத் தாண்டினால் நீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வாடகைக்கு விடுவதை நிறுத்தி, சிலிண்டர் ஒவ்வொன்றையும் காற்றழுத்தக் கசிவுச் சோதனை செய்து, ஒயில் கூலரைத் தனியாகக் கழற்றி அழுத்தம் கொடுத்துப் பார்த்த பின்னரே ஹெட்டைத் திறப்பதா இல்லையா என்று முடிவெடுங்கள்.